நர்ஸ்கள் அருமை, போர்வைதான் பஞ்சம்

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு மண்டல நோய்க்காக அக்காவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒக்ரெலிசுமாப் என்ற மருந்தை 600 மி.கி. டிரிப்பாக ஏற்றுவது சென்னையில் ஒரு மருத்துவமனையின் டே கேர் வார்டில்தான். மருந்துக்கு முன்பே ஸ்டீராய்டு ஊசியும் அலர்ஜி மாத்திரையும் கொடுத்துவிட்டு, தொண்டை கரகரத்தாலோ உடம்பு அரித்தாலோ உடனே கூப்பிடச் சொன்னார்கள், அரிப்பு வந்து கூப்பிட்டதும் நர்ஸ் ஓடிவந்து டிரிப்பின் வேகத்தைக் குறைத்தார், கொஞ்ச நேரத்தில் அரிப்பு அடங்கிவிட்டது. முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்தார்கள், அது ரொம்ப முக்கியம்.

ஆனால் ஏசி குளிரில் அக்காவுக்குக் கால் இறுகிப்போகிறது, போர்வையைக் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டால் அன்றிரவு தூக்கம் வராது, முகம் சிவக்கலாம் என்று யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. அப்புறம், காய்ச்சலோ இருமலோ இருந்தால் கிளம்பும் முன்பே போன் செய்துவிடுங்கள், தொற்று இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள்.