வளரும் பையனுக்கு ஜி.பி.எஸ். வெஸ்ட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னையில் ஒரு கால்பந்து அகாடமியில் வாரம் நான்கு நாள் பயிற்சி பெறும் என் 14 வயது மகனுக்காகக் கடந்த டிசம்பரில் 18,000 ரூபாய்க்கு ஒரு ஜி.பி.எஸ். வெஸ்ட் (ஓட்டத்தை அளக்கும் கருவியைச் செருகி அணியும் கையில்லா மேலாடை) வாங்கினேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகுப்பக்கப் பையில் செருகிக்கொள்ளும் தீப்பெட்டி அளவுக் கருவி இது. நொடிக்குப் பத்து முறை இருப்பிடத்தைப் பதிவு செய்து, ஓடிய தூரம், உச்ச வேகம், வேக ஓட்டங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் செயலிக்கு அனுப்புகிறது. திறந்த மைதானத்தில் தூரக் கணக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. கூரையிட்ட ஃபுட்சால் (சிறு களத்தில் ஆடும் கால்பந்து) அரங்கில் பயனில்லை. ஒரு நாள் அணைக்க மறந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பியதால், அவனுடைய உச்ச வேகம் மணிக்கு 46 கி.மீ. என்று செயலி பாராட்டுத் தெரிவித்தது. வேக ஓட்டத்துக்கான எல்லையை மணிக்கு 19.8 கி.மீ. என்று, வளர்ந்த ஆண் வீரர்களுக்குரிய அளவிலேயே முன்கூட்டி வைத்திருப்பது இதைவிடப் பெரிய குறை. உடன் விளையாடும் சிறு உடல்வாகுள்ள பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினாலும் செயலியின் அந்தக் கட்டத்தில் பூஜ்யமோ மிகக் குறைந்த எண்ணோதான் விழும். இதை மாற்றும் வசதி உண்டு என்றாலும், தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கருவியின் உண்மையான எல்லை மே மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது. கோடை விடுமுறைப் போட்டி ஒன்றில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றும் 60 நிமிடம், அத்தனையும் பிற்பகல் மூன்று மணி வெயிலில். வழக்கமான வாரத்தில் 22 கி.மீ. ஓடுபவன் அந்த வாரம் 27 கி.மீ. ஓடியதாக வெஸ்ட் காட்டியது; அதாவது கால் பங்குக்கும் குறைவான கூடுதல். ஆனால் நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் கணக்கு வைத்திருந்தோம். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்லச் செய்து, அதை நிமிடங்களால் பெருக்கும் எளிய முறை அது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கியது. சாதாரண வாரத்தில் நான்கு நாள், 75 நிமிடம், மதிப்பெண் 5 என்று 1500 வரும். போட்டி வாரத்தில் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்தபடி, "அம்மா, இன்னைக்கும் ஒன்பது போட்டுக்கோ" என்று ஐந்து நாளும் சொன்னான், கூட்டினால் 2700. கால்கள் செய்த வேலையை வெஸ்ட் அளந்தது. உடம்பு பட்ட பாடு அதற்குத் தெரியவில்லை.

மதிப்பெண்ணைச் செயலியிலும் பதியலாம். கடைசி 7 நாள் சுமையை (மதிப்பெண்ணை நிமிடங்களால் பெருக்கிக் கூட்டிய எண்ணை) 28 நாளின் வாரச் சராசரியால் வகுத்து, 0.8 முதல் 1.3 வரை பச்சை, அதற்கு மேல் 1.5 வரை மஞ்சள், 1.5-ஐத் தாண்டினால் சிவப்பு என்று அது நிறம் காட்டும். விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் டிம் கேபட்டின் ஆய்வுகளால் புகழ்பெற்ற இந்த விகிதம் பின்னர் கடுமையான விமர்சனத்துக்கும் உள்ளானது. அதற்கான ஒரு காரணத்தை எங்கள் கணக்கிலேயே பார்க்கலாம். முந்தைய மூன்று வாரங்கள் 1500, 1450, 1550, நான்காவது 2700. நான்கின் சராசரி 1800 என்பதால் விகிதம் சரியாக 1.5, திரையில் மஞ்சள். கனத்த வாரத்தையும் சராசரிக்குள் சேர்த்துவிடுவதால் வந்த சலுகை இது. முந்தைய மூன்று வாரங்களோடு மட்டும் ஒப்பிட்டால் 1.8. மஞ்சளைப் பார்த்து ஓய்வு கொடுக்காமல் விட்டது என் தவறு. பத்து நாளில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்த இடத்தில் வலி என்றான். வளர்ச்சிப் பருவத்தில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர் சொன்னார். வலிக்கு அந்த ஒரு வாரம்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் அவன் வேகமாக உயர்ந்துகொண்டும் இருந்தான்.

உடற்தகுதி முன்னேற்றத்தைக் காட்டுவதாகச் செயலி வரையும் ஏறுமுகக் கோட்டையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும். 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 நொடி இளைப்பாறி, பீப் ஒலிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் யோ-யோ தேர்வில் ஜனவரியில் 960 மீட்டர் ஓடியவன் ஏப்ரலில் 1280 மீட்டர் ஓடினான். இடைப்பட்ட காலத்தில் 3 செ.மீ. வளர்ந்திருந்தான். இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒரு பையனை வைத்துப் பிரித்துச் சொல்ல எந்தக் கருவியாலும் ஆகாது. மாதம் ஒருமுறை உயரத்தைப் பதியும் கட்டம்கூட இந்தச் செயலியில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இருபது பையன்களை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டிய பயிற்சியாளருக்கு, யார் அதிகம் ஓடுகிறார், யாருடைய வேகம் திடீரென்று குறைகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். ஒரே பிள்ளைக்காக வாங்க நினைக்கும் பெற்றோருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியே தீருவது என்றால், உள்ளூர்ப் போட்டிகளில் அணிய அமைப்பாளரின் அனுமதி வேண்டும் என்பதையும், வளரும் பையனுக்கு வெஸ்ட் சீக்கிரம் இறுகிவிடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எங்களுடையது இப்போது அக்குளில் பிடிக்கிறது. அடுத்த அளவைத் தனியாகத்தான் வாங்க வேண்டுமாம்.