பைக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்ப ரயிலா, லாரியா, பேக்கர்ஸா?

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து புனேக்கு ஒரு பல்சர் 150 போக வேண்டியிருந்தது. தங்கை மகனுக்கு அங்கே வேலை. வண்டி கேஎல் 70 பதிவு, அதிகம் ஓடாதது. இங்கே விற்றால் வரும் காசில் அங்கே அதே தரத்தில் இன்னொன்று வாங்க முடியாது. ஓட்டிக்கொண்டே போய்விடுகிறேன் என்று அவன் சொன்னதை அவன் அம்மா ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். மிச்சமிருந்தவை மூன்று வழிகள்: ரயில் பார்சல், லாரி பார்சல் சர்வீஸ், வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துப்போகும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ். மூன்றையும் விசாரித்துவிட்டு ரயிலில் போட்டோம். ஆக, நான் ரயில் கட்சி. அதை மனதில் வைத்தே மேலே படியுங்கள்.

செலவு எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ரயில்தான் மலிவு, பேக்கர்ஸ்தான் அதிகம், லாரி நடுவில். ரயில் கூலி, சாக்குக் கட்டும் கூலி, பாலக்காடு வரை பெட்ரோல் என்று எல்லாம் சேர்த்தும் பேக்கர்ஸ்காரர்கள் கேட்டதில் பாதியைத் தொடவில்லை. வேகத்தில் மூவருமே வாக்குக் கொடுப்பார்கள், மூவருமே தவறுவார்கள். அதை வைத்து முடிவெடுப்பதில் பயனில்லை.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: வண்டி வழியில் எத்தனை முறை இறங்கி ஏறுகிறது? ஓடுகிற லாரியிலோ ரயிலிலோ பைக்குக்குச் சேதம் வருவது குறைவு. தூக்கும்போதும் இறக்கும்போதும்தான் டேங்க் நசுங்குகிறது, சைலன்சர் உரசுகிறது, லீவர் உடைகிறது. இதை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பேக்கர்ஸ் வழியில் எண்ணுங்கள். வீட்டிலிருந்து சின்ன டெம்போவில் ஏறும். கோவையில் ஏதோ ஒரு குடோனில் இறங்கும். அங்கே புனே பக்கம் லோடு சேரும்வரை நிற்கும். பிறகு பெரிய லாரி, அதுவும் பெரும்பாலும் பெங்களூரு வரைதான். அங்கே இன்னொரு லாரி, புனே குடோன், கடைசியாக மறுபடி ஒரு டெம்போ. ஒவ்வொரு முனையிலும் தூக்குகிறவர் வேறு ஆள். போனில் உங்களிடம் இனிக்க இனிக்கப் பேசியவர் இவர்களில் யாரையும் பார்த்தே இருக்கமாட்டார். இணையத்தில் ஒரு தளத்தில் நம்பரைக் கொடுத்தால் அரை மணியில் வரிசையாகப் போன் வருகிறதே, அதில் பலரிடம் சொந்த லாரி கிடையாது, தரகுதான். அகர்வால் என்ற பெயரைப் பார்த்தவுடன் பெரிய கம்பெனி என்று நம்பிவிடவும் வேண்டாம். ஒரே மாதிரிப் பெயரில் பல கம்பெனிகள் இருக்கின்றன, எல்லாம் ஒன்றல்ல. எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் ஹைதராபாத்துக்கு அனுப்பினார். பேசிய தொகை ஒன்று, அங்கே இறக்கும்போது கேட்டது இன்னொன்று. கொடுத்தால்தான் சாவி என்று நின்றுவிட்டார்கள். கம்பெனி பெயர் எதற்கு, அந்த மாதிரி நிறையப் பேர்.

வாசலில் வந்து எடுப்பது சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்றுவதற்குச் சுமட்டுத் தொழிலாளர்கள், அதாவது சுமை தூக்குபவர்கள், வந்தால் அந்தக் கூலி யார் கணக்கு என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குக் கூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு ஒழித்துவிட்டது, அதனால் சும்மா நிற்பவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வேலை செய்தவருக்குக் கொடுக்கத்தானே வேண்டும். அப்புறம் வாளையாறு, கேரள - தமிழ்நாடு எல்லை. செக்போஸ்ட் செலவு, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) செலவு என்று ரசீதில் ஒரு வரி சேர்த்தால் விடாதீர்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும் என்பது சரி. ஆனால் பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. வெளிமாநிலத்தில் வாங்கிக் கேரளத்துக்குக் கொண்டுவந்த கார்களைக்கூட அந்த விலக்குக்குள் வைத்து 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் பெயரில் ஆர்சி இருக்கும் பழைய பைக்குக்கு என்ன இ-வே பில்?

லாரி பார்சல் சர்வீஸ் இதைவிட நேர்மையான ஏற்பாடு. நீங்களே கிளை ஆபீசுக்கு ஓட்டிப்போய்க் கொடுக்கிறீர்கள், எல்ஆர் என்ற லாரி ரசீது கையில் வருகிறது, அந்தப் பக்கம் கிளையில் போய் எடுத்துக்கொள்ளலாம். தரகர் இல்லை. தெற்குக்குள் என்றால் பொள்ளாச்சியில் முளைத்த ஏபிடி முதல் பல பெயர்கள் நமக்குப் பழக்கம். புனே போன்ற இடத்துக்கு ஹூப்ளியைத் தலைமையகமாகக் கொண்ட விஆர்எல் மாதிரிக் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனாலும் நடுவில் குடோன் மாற்றம் இருக்கும், பைக்கோடு இரும்புக் கம்பியும் பருத்தி மூட்டையும் வரும். எங்கள் ஊர் போன்ற இடத்திலிருந்து முதலில் கோவை குடோனுக்குத்தான் போகும் என்றார்கள். என் கணக்கில் குறைந்தது இரண்டு மாற்றம். அதனால்தான் இது இரண்டாம் இடம்.

இப்போது ரயில். நேர் ரயில் கிடைத்தால் ஒரு முறை ஏற்றம், ஒரு முறை இறக்கம், அவ்வளவுதான். இதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரயில் புறப்படும் ஸ்டேஷனில் புக் பண்ணுங்கள், நிதானமாக ஏற்றுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் நாங்கள் வேலந்தாவளம் வழியாகக் கோவை போய் குர்லா எக்ஸ்பிரஸில் போட்டிருக்க வேண்டும். கோவையில் புறப்படும் ரயில், புனே வழியாகத்தான் மும்பை போகிறது. ஆனால் புனே அதற்கு நடு ஸ்டேஷன். நிற்கும் சில நிமிடத்தில் இறக்கத் தவறினால் வண்டி மும்பையின் குர்லா வரை போய், அங்கே இறங்கி, வேறு ரயிலில் ஏறித் திரும்பி வர வேண்டும். இரண்டு கை கூடுதல்.

கன்னியாகுமரி – புனே எக்ஸ்பிரஸ் பாலக்காடு ஜங்ஷனில் நிற்கிறது, புனேயோடு முடிகிறது. இங்கே சிக்கல் தலைகீழ்: இறக்குவது நிதானமாக நடக்கும், ஏற்றுவதுதான் அவசரம். வழியிலேயே லக்கேஜ் பெட்டி நிரம்பி வந்தால் நம் வண்டி பாலக்காடு ஜங்ஷன் இருக்கும் ஒலவக்கோட்டிலேயே காத்திருக்கும். பெட்டியில் ஒரு பகுதியைத் தனியார் குத்தகைக்கு எடுத்திருந்தால் இடம் இன்னும் குறையும். காத்திருக்கட்டும். நம் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன், போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். பிளாட்பாரத்தில் நிற்பதால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. முன்பின் தெரியாத ஸ்டேஷனில் இறங்கி ஏறுவதைவிட இது மேல் என்று பாலக்காட்டிலேயே போட்டோம். உடனே ஏறவில்லைதான். ஆனால் புனேயில் இறங்கியபோது ஒரு பக்கக் கைப்பிடி ரப்பர் கிழிந்திருந்ததைத் தவிர வேறு குறையில்லை.

செய்முறை எளிது. ஆர்சி, இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள் வேண்டும். பார்சல் ஆபீஸ் வெளியே சாக்குக் கட்டுபவர்கள் இருப்பார்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். எங்களுக்குக் கட்டியவர் அரைத் தமிழிலும் அரை மலையாளத்திலுமாக, "சேட்டா, கண்ணாடியக் கழட்டிக் கையில வெச்சுக்கோங்க, அது போய்ச் சேராது" என்றார். அனுபவசாலி. ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் அட்டையை இரட்டையாக வைக்கச் சொல்லுங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர் பெயர்களை அட்டையில் பெரிதாக எழுதி இரண்டு பக்கமும் கட்டுங்கள். டேங்கில் பெட்ரோல் துளியும் கூடாது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164இன்படி அபாயகரமான பொருளை விதி மீறி ரயிலில் கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பக்கம் வண்டி வந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும்.

ரயிலின் பலவீனம் இழப்பீடு. மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் மட்டுமே. 150 கிலோ பல்சருக்கு 7,500 ரூபாய்! டிக்கெட்டோடு லக்கேஜாகப் போட்டால் கிலோவுக்கு 100, ஆனால் கூலியும் அதிகம். கோரிக்கை நோட்டீஸை வண்டியை ரயில்வேயிடம் ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இதற்குப் பயந்து பேக்கர்ஸ் பக்கம் ஓட வேண்டாம். அவர்கள் 'இன்சூரன்ஸ்' என்று சதவீதம் போட்டு வாங்குவது பல நேரம் எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போவதில்லை. பாலிசி நகல் கேளுங்கள், பேச்சு மாறும். உங்கள் பைக்குக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால், சாலையிலோ ரயிலிலோ கொண்டுபோகும்போது ஆகும் சேதமும் அதிலேயே அடங்கும், பாலிசியில் எழுதியிருக்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் இது கிடையாது. முழு பாலிசியிலும் கிளெய்ம் எடுத்தால் நோ கிளெய்ம் போனஸ் போகும், ஆகவே சின்னக் கீறலுக்கு எடுக்காதீர்கள். எந்த வழியில் அனுப்பினாலும் வண்டியைச் சுற்றிலும் போட்டோ எடுத்து வைத்து, அந்தப் பக்கம் கையெழுத்துப் போடும் முன் சேதத்தை எழுதி வாங்குங்கள்.

நான் சொன்னதெல்லாம் நடுத்தர எடை வண்டிக்கு. புல்லட் மாதிரிக் கனமான வண்டியை ரயிலில் அனுப்பிய அனுபவம் எனக்கில்லை, அதைப் பாலக்காட்டின் குறுகிய நிறுத்தத்தில் ஏற்றச் சொல்லும் தைரியமும் எனக்கு வராது. அதற்குப் புறப்படும் ஸ்டேஷன்தான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. நேர் ரயில் இல்லாத ஊருக்கும் என் கணக்கு செல்லாது. வழியில் ரயில் மாற வேண்டுமென்றால் லாரி பார்சலே மேல், கிளைக்குக் கிளை. வீட்டுச் சாமானோடு ஒரே லாரியில், நடுவில் மாற்றாமல் நேரே போகிறது என்று எழுதிக் கொடுத்தால் பேக்கர்ஸும் தவறில்லை.

அனுப்பும் முன் வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீசில் (எங்களுக்குப் பாலக்காடு மாவட்டச் சித்தூர்) என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லாச் சான்று, பற்றி விசாரித்துவிடுங்கள். வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்கிருந்து வாங்கும் காகிதம்தான் அடிப்படை, புனேயிலிருந்து அதற்காக லீவு போட்டு வருவது வீண் அலைச்சல்.