முகூர்த்தப் புடவை: வெள்ளி ஜரிகையா, ஹாஃப் ஃபைனா?

காஞ்சிபுரத்துக் கடைகளில் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையுமாக இரண்டு புடவைகளை அருகருகே விரித்துப் போடுவார்கள். இரண்டும் பட்டு, இரண்டும் கைத்தறி, கரையில் அதே அன்னமும் கோபுரமும். விலை மட்டும் ஒன்று இன்னொன்றின் பாதிக்குக் கூட வராது. கேட்டால் "அது ப்யூர் ஜரிகை, இது ஹாஃப் ஃபைன்" என்பார்கள். தாலி ஏறும் நேரத்துக்கான அந்த ஒரு புடவை வெள்ளி ஜரிகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் எடுத்ததும் அதைத்தான். நிச்சயதார்த்தம், வரவேற்பு, நலங்கு, மறுவீடு ஆகியவற்றுக்கு ஹாஃப் ஃபைன் தாராளமாகப் போதும்.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கல்யாணத்தன்று புகைப்படத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையில் மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் ஹாஃப் ஃபைன்தான் அதிகம் பளபளக்கும். வெள்ளி ஜரிகையின் மஞ்சள் சற்று அடங்கியது, காலை வெயிலில்தான் அதன் நிறம் சரியாகத் தெரியும். புடவையை எடுக்கும்போது ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்த்து முடிவு செய்யாமல் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

முடிவு செய்ய வேண்டியது ஜரிகையின் உள்ளே இருப்பதை வைத்து. வெள்ளி ஜரிகையில் சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல்தான் நடு. அதன் மேல் தட்டையாக்கிய, செம்பு கலந்த வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் ஏற்றுவார்கள். காஞ்சிபுரப் பட்டின் புவிசார் குறியீட்டோடு சொல்லப்படும் கணக்கு: வெள்ளி 40 விழுக்காடு, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. ஹாஃப் ஃபைனில் நடுநூல் பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது பருத்தி. கம்பி செம்பு, அதன் மேல் வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது, அதற்கும் மேலே பொன்னிறம். சில கடைகளில் இதையே டெஸ்டட் ஜரிகை என்பார்கள். இதற்கும் கீழே, உலோகக் கம்பியே இல்லாத பிளாஸ்டிக் ஜரிகை இருக்கிறது. முகூர்த்தத்துக்கு அதைப் பார்க்கவே வேண்டாம்.

இப்போது கல்யாண நாளை நினைத்துப் பாருங்கள். மணமகள் இந்தப் புடவையோடு ஓமத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். புகை, நெய்த்துளி, மஞ்சள் அட்சதை, கழுத்து மாலையின் ஈரம், இடுப்பிலும் இடது தோளிலும் வியர்வை. ஹாஃப் ஃபைனில், வியர்வையின் உப்பு வெள்ளிப் பூச்சின் நுண்ணிய விரிசல்களில் இறங்கிச் செம்பைத் தொட்டுவிட்டால் அங்கிருந்து ஜரிகை செம்பழுப்பாகும், பிறகு பச்சை தட்டும். முதல் வருடத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் பீரோவிலிருந்து எடுக்கும்போது, சரியாகக் கொசுவம் செருகிய இடத்திலும் முந்தானை தோளில் படிந்த இடத்திலும் பட்டை பட்டையாகத் தெரியும். தேய்த்துத் துடைத்தால் மிச்சப் பூச்சும் போய்ச் செம்பு முழுதாக வெளியே வரும். அதைத் திரும்பப் பொன்னிறமாக்க வழியில்லை.

வெள்ளியும் கறுக்கும், இல்லையென்று சொல்லக் கூடாது. காற்றிலும் கைபடும் பொருட்களிலும் உள்ள கந்தகம்தான் காரணம். ஆனால் அந்தக் கறுப்பு மேற்பரப்பில் நிற்கிறது. வெள்ளி மேற்பூச்சாக மட்டும் நிற்காமல் கம்பியின் உள்ளேயும் இருப்பதால், நல்ல ட்ரை க்ளீனிங் ஆளிடமோ பட்டுப் புடவை பாலிஷ் போடும் ஆளிடமோ கொடுத்தால் பெருமளவு மீளும். முலாம் தேய்ந்த இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். பாட்டி புடவைகளின் கரை மங்கிய பொன்னாக இன்னும் கண்ணுக்கு நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம்; அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி இன்னும் அதிகம்.

அடுத்தது மறுவிலை. ஜரிகையை நெசவாளர்கள் 'மார்க்' கணக்கில் வாங்குகிறார்கள். ஒரு மார்க் சுமார் 242 கிராம். புடவை எடுக்கும்போது "மொத்த எடை என்ன" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். கேட்க வேண்டிய கேள்வி "இதில் ஜரிகை எத்தனை கிராம்" என்பது. 180 கிராம் என்று சொன்னால், 40 விழுக்காட்டுக் கணக்கில் 72 கிராம் வெள்ளியும் 0.9 கிராம் தங்கமும் அந்தக் கரையிலும் முந்தானையிலும் இருக்கின்றன. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள், இரண்டு புடவைக்கும் இடையிலான விலை வித்தியாசத்தில் எவ்வளவு உலோகம், எவ்வளவு கடை லாபம் என்று தெரிந்துவிடும். கிழிந்தபின்னும் பழைய பட்டு எடுக்கிறவர்கள் இந்த வெள்ளிக்குத்தான் காசு தருகிறார்கள். உருக்குச் செலவையும் தங்கள் லாபத்தையும் கழித்துக்கொண்டு தருவதால் முழு மதிப்பு கைக்கு வராது. ஹாஃப் ஃபைன் புடவையை அவர்கள் கையில் வாங்கியதுமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தெருவில் தராசோடு வருகிறவரிடம் மட்டும் வெள்ளி ஜரிகைப் புடவையைப் போடாதீர்கள். ஓரத்தில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி ஜரிகையின் விலையைக் கொடுத்துவிட்டு ஹாஃப் ஃபைனோடு வீட்டுக்கு வருவதுதான் பெரிய ஆபத்து. இங்கே பலர் ஏமாறுவது சில்க் மார்க் சீட்டைப் பார்த்து. அது மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு, புடவை தூய பட்டு என்பதற்கு மட்டும் சான்று. ஜரிகையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கைத்தறி முத்திரையும் அப்படித்தான், தறியைப் பற்றி மட்டும் பேசும்.

சோதிக்க, முந்தானை முனையில் குச்சு கட்டாமல் விட்டிருக்கும் பகுதியிலிருந்து ஒரு ஜரிகை இழையை உருவித் தரச் சொல்லுங்கள். நகத்தால் உலோகச் சுற்றைப் பிரித்தால் நடுநூல் வெளியே வரும். அதைத் தீயில் காட்டுங்கள்: பட்டு என்றால் முடி கருகும் வாசம், விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். நடுநூல் சிவப்பாக இருந்தால் அசல் என்று பரவலாகச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், சாயநூல் யாருக்கும் கிடைக்கும். பிரித்த கம்பியைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வெள்ளை வருகிறதா, செம்பு நிறம் வருகிறதா என்பது இன்னும் நல்ல அறிகுறி. எல்லாவற்றையும்விட உறுதியானது, எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம். இழையை வெட்டாமலே வெள்ளி, செம்பு, தங்கம் எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும். அதைப் போட்டுக் காட்டச் சொல்லி, அந்த எண்ணையும் ஜரிகை எடையையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வெள்ளி ஜரிகை விலை கொடுக்காதீர்கள். காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் டிசைன்கள் குறைவு என்பார்கள். முகூர்த்தப் புடவைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது அங்கேதான்.

பட்ஜெட் இடிக்கிறதென்றால் ஹாஃப் ஃபைனுக்கு இறங்குவதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது: ஜரிகையின் தரத்தைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். உடல் முழுக்க புட்டா, பிரம்மாண்ட முந்தானை என்று போகாமல், உடலில் ஜரிகையே இல்லாத, நாலு விரல் கோர்வைக் கரை வைத்த புடவை எடுக்கலாம். கோர்வை என்பது கரையையும் உடலையும் வேறு வேறு நாடாவில் (தறியில் ஊடுநூலை ஓட்டும் கட்டை) நெய்து கோத்து வாங்குவது. சேருமிடத்தில் ரம்பப் பல் போன்ற கோடு தெரியும். எடையும் குறையும். ஒரு கிலோவை நெருங்கும் புடவையை உடுத்தி அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் பெண்ணுக்கு அந்தக் குறைந்த எடையின் அருமை தெரியும். திருபுவனம், ஆரணிப் புடவைகளிலும் வெள்ளி ஜரிகை கேட்டு வாங்கலாம். ஆரணி பொதுவாக இலேசானது.

மடிசார் கட்டும் வீடுகளில் ஒன்பது கஜம் வேண்டும். அது அடுக்கில் கிடைப்பது குறைவு, தறிக்குச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும். மூன்று மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

எந்த ஜரிகையானாலும் அதைக் கெடுக்கும் வேலைகள் கல்யாணத்துக்கு முந்தின வாரத்தில்தான் நடக்கின்றன. ஃபால்ஸ் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபின் தைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கி, கரை அலை அலையாக நிற்கும். ஆரி வேலைப்பாட்டு ரவிக்கையில் இடது தோளில், முந்தானை படியும் இடத்தில், கல்லும் மணியும் வேண்டாம். தட்டையான நூல்வேலை போதும். கல்லின் விளிம்பு ஜரிகை இழையைக் கொக்கி போட்டு இழுத்துவிடும், இழுத்த இழை திரும்பப் படியாது. ப்ரீ-ப்ளீட்டிங் செய்கிறவர்கள், அதாவது கொசுவத்தையும் முந்தானையையும் முன்கூட்டியே மடித்துத் தருகிறவர்கள், மடிப்பு கத்தி போல நிற்க வேண்டுமென்று அதிகச் சூட்டில் அழுத்தித் தேய்ப்பார்கள். வெள்ளிக் கம்பி அந்த மடிப்பில் ஒடியும், ஹாஃப் ஃபைனில் பாலியஸ்டர் நடுநூலே இளகும். மிதச் சூடு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி, முந்தானையில் நீராவி கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்ப்ரே, சென்ட் எல்லாம் புடவை கட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

வாடகைக்கு எடுப்பது இப்போது பெருகிவருகிறது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு. வரவேற்பு லெஹங்காவுக்கு அது பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அதை மறுபடி உடுத்துவதே அரிது. எடுப்பதானால் கறைக்கும் கிழிசலுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து புடவையை அப்படியே பீரோவில் வைத்துவிடாதீர்கள். ஒரு நாள் நிழலில் காற்றாட விட்டு, மஞ்சளும் நெய்யும் பட்ட இடங்களைக் குறித்து, அந்த வாரமே ட்ரை க்ளீனிங்குக்குக் கொடுங்கள். வந்ததும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டு, துவைத்த மல் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை புடவையைத் தொடக் கூடாது, ரப்பர் பேண்டும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள். பட்டு முதலில் கிழிவது பழைய மடிப்பில்தான்.