பழைய இசைத்தகடுகளைப் பென் டிரைவில் ஏற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் அப்பா இருபது ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த 48 கர்நாடக இசைக் குறுந்தகடுகளை, கடந்த மார்ச் மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் பென் டிரைவில் ஏற்றித் தரும்படி கொடுத்தேன். எனக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி அந்தத் தகடுகளில் இருந்த ஒலிப்பதிவு அன்று; எங்கிருந்தோ இறக்கிய எம்பி3 பாட்டுகள். போதாததற்கு, கொடுத்த தகடுகளில் மூன்று திரும்பி வரவேயில்லை. புகார் நடப்பில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. நடந்த முறையை அறிந்துகொண்டாலே போதும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீடு மண்டைக்காட்டில், கடலலை கேட்கும் தொலைவில் இருக்கிறது. அப்பா காலமான பிறகு, தகடுகளை அப்படியே வைத்துக்கொள்வதா, கோப்புகளாக மாற்றிவிடுவதா, அல்லது அதே பாட்டுகளை இணையத்தில் விலைக்கு இறக்கிக்கொள்வதா என்று பல நாள் யோசித்தேன். கடைக்காரர் அந்த யோசனைக்கு இடமே வைக்கவில்லை. "டீச்சர், இந்த உப்புக் காத்துல சிடி எல்லாம் இன்னும் ரெண்டு வருஷம் தாங்காது. ஒரிஜினல் குவாலிட்டியில அப்படியே ஏத்தித் தாறேன், ஒண்ணுக்கு எண்பது ரூவா" என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் அன்று. தகட்டின் ஓரத்தில் மேற்பூச்சு சரியாக மூடப்படாமல் இருந்தால், ஈரம் உள்ளே புகுந்து அலுமினியப் படலத்தை அரிக்கும். ஆனால் ஒழுங்காக அச்சடிக்கப்பட்டு, பெட்டிக்குள் வெயில் படாமல் வைக்கப்பட்ட தகடு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. எங்கள் வீட்டில் அதுவரை ஒரு தகடுகூடத் திக்கியதில்லை என்பதை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தகடுகளுக்கு 3,840 ரூபாய், பென் டிரைவுக்கு 600 ரூபாய். காலை பதினொரு மணிக்குக் கொடுத்தேன். மூன்று மணிக்கே "ரெடி டீச்சர்" என்று அழைப்பு வந்தது. ஒரு தகட்டைப் பிழையில்லாமல் படித்து எடுக்கப் பத்து நிமிடம் வரை ஆகிறது என்பதை, பின்னர் நானே செய்து பார்த்தபோதுதான் அறிந்தேன். அந்தக் கணக்கில் 48 தகடுகளுக்கு எட்டு மணி நேரம் வேண்டும்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது முதலில் உறுத்தியது ஒரு கைதட்டல். அப்பா அடிக்கடி போடும் ஒரு கச்சேரித் தகட்டில், காம்போதி ஆலாபனை முடிந்ததும் எழுகிற கைதட்டல் ஓயும் முன்பே வயலின் தொடங்கிவிடும். அந்தக் கைதட்டலின் நடுவில்தான் தகட்டில் பாட்டு எண் மாறும். ஆனால் ஒலி ஒரு நொடிகூட அறுபடாது. பென் டிரைவிலோ கைதட்டல் பாதியில் வெட்டப்பட்டு, ஓரிரு நொடி மௌனத்துக்குப் பிறகு வயலின் வந்தது. சந்தேகம் வந்து கோப்புகளின் விவரப் பகுதியைத் திறந்து பார்த்தால், பல பாட்டுகளில் ஆல்பத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருந்தது.

கோப்பின் அளவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏமாற்று அங்கேதான் இருக்கிறது. குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட் அளவில், இரண்டு தடங்களாக ஒலி பதிவாகியிருக்கும். இது நொடிக்கு 1,411 கிலோபிட் ஆகும். ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பிக்கு மேல் வரும். அதே பாட்டு, ஒலியில் ஒரு பகுதியை விட்டுச் சுருக்கிய, நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3-யாக இருந்தால் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். அந்த எம்பி3-யை எடுத்து, கடைக்காரர் செய்ததுபோல், 'வேவ்' என்ற சுருக்காத கோப்பாக மாற்றினால் அளவு மறுபடியும் 50 எம்பி ஆகிவிடுகிறது, ஆனால் சுருக்கும்போது தூக்கியெறியப்பட்ட ஒலி திரும்பி வருவதில்லை. அளவைப் பார்த்து நானும் முதலில் நிம்மதி அடைந்தேன். பிறகு என் அக்கா மகன் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் பகுதியைத் திறந்து காட்டினான். தகட்டிலிருந்து நேராக எடுத்த பாட்டின் படம் 20,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் மெல்லப் படர்ந்திருந்தது. கடைக்காரர் தந்த கோப்பின் படம் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் சீவியதுபோல் நின்றுவிட்டது. பழைய ஒலிப்பதிவுகள் சிலவற்றில் மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், கோப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்; தகட்டையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தகடுகளின் நிலை இன்னும் வேதனை தந்தது. ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதியிருந்தார்கள். நாம் அனைவரும் கீழ்ப்பக்கக் கீறலுக்குத்தான் அஞ்சுகிறோம். கீழே ஒலிப்பதிவுக்குக் காவலாக ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் இருக்கிறது. மேலே, படம் அச்சிட்ட பூச்சுக்கு அடியிலேயே பதிவு இருக்கிறது. அங்கே விழுந்த வடுவைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. இரண்டு தகடுகள் இப்போது நடுவில் நின்று நின்று ஓடுகின்றன. மூன்று அசல் தகடுகளுக்குப் பதிலாக, கீழ்ப்பக்கம் இளம்பச்சையாகத் தெரியும், கணினியில் எழுதிய தகடுகள் இருந்தன. அச்சடித்த தகடு வெள்ளிபோல் இருக்கும். எழுதும் தகட்டில் சாயப் படலம் இருப்பதால் பச்சையோ நீலமோ கலந்து தெரியும்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "நீங்க தந்ததத்தான் தந்தோம். காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்று பதில் வந்தது. தகடுகளின் பட்டியலை எழுதிக் கையெழுத்து வாங்காதது என் பெரிய தவறு. ரசீதும் தரவில்லை, கைப்பேசி வழியாகப் பணம் செலுத்திய பதிவுதான் கையில் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன்; கடையிலிருந்து பதில் இல்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

மீதித் தகடுகளை நானே மாற்றினேன். யூஎஸ்பி-யில் செருகும் சிடி டிரைவ் ஒன்றை வாங்கி, 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருளில் எடுத்து, 'ஃப்ளாக்' வடிவில் சேமித்தேன். ஃப்ளாக் ஒலியில் எதையும் இழக்காமல் இடத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. நான்கு நாள் மாலை வேலை. நகலை வேறொரு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருக்கிறேன்.

இணையத்தில் விலைக்கு இறக்குவது தவறு என்று சொல்ல மாட்டேன். தகடே கிடைக்காத பாட்டுக்கு அதுதான் வழி. ஆனால் கோப்பு உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். மாதச் சந்தா செயலிகளில் 'டவுன்லோடு' என்று காட்டுவது, சந்தா நின்றால் ஒலிக்காமல் போய்விடும். விலைக்கு வாங்கியதையும் உடனே நகலெடுத்துக்கொள்ளுங்கள். கடைகள் மூடப்படுவது உண்டு. ஃப்ளிப்கார்ட் 2012-இல் தொடங்கிய 'ஃப்ளைட்' என்ற பாட்டுக் கடை 2013-லேயே மூடப்பட்டது.

காணாமல் போன மூன்று தகடுகளும் கச்சேரிப் பதிவுகள். அவற்றின் பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகங்களில், ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே ராகத்தின் பெயரை அப்பா பென்சிலால் எழுதி, தமக்குப் பிடித்தவற்றுக்கு ஒரு சிறு வட்டம் போட்டிருப்பார். மாவட்டத்தில் எங்கேனும் பழைய தகடுகள் விற்கும் இடத்தில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள். கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.