பீரங்கியா, ஏவுகணையா, லேசரா: 60 டன் ரோந்துக் கலத்துக்கு எது பொருந்தும்?

டர்பன் துறைமுகத்தில் ரோந்துப் படகுகளைப் பார்த்துப் பழகியவர்கள் விண்வெளி ரோந்துக் கலம் வரைய உட்கார்ந்தால், முதல் வேலையாக முன்தளத்தில் ஒரு பீரங்கியை நட்டுவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கக் கடற்படையின் பழைய வாரியர் வகைப் படகுகளில் 76 மி.மீ. பீரங்கி இருந்தது, அந்த உருவம் மனத்தில் தங்கிவிடுகிறது. கடலில் அது நியாயம்தான். சந்தேகப் படகின் குறுக்கே எச்சரிக்கைக்கு ஒரு குண்டு சுட்டால், அது தண்ணீரில் விழுந்து மூழ்கிவிடும். சுற்றுப்பாதையில் சுட்ட குண்டு மூழ்க இடம் கிடையாது. நாளைக்கு நாமே ரோந்து போக வேண்டிய பாதையில் அது சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஆயுதம் எவ்வளவு சேதம் செய்யும் என்று கேட்பதற்கு முன், சுட்ட பிறகு பாதையில் என்ன மிச்சமிருக்கும் என்று கேட்க வேண்டும்.

தமிழில் விண்வெளிக் கதை எழுதுபவர்களுக்கும் மேசை விளையாட்டு வடிவமைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, 'அய்யனார்' வகை என்ற கற்பனைக் கலம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று ஆயுத அமைப்புகளை இங்கே ஒப்பிடுகிறோம். பீரங்கி வைத்தது 'சுறா', ஏவுகணை வைத்தது 'குளவி', லேசர் வைத்தது 'வல்லூறு'. உடல் மூன்றுக்கும் ஒன்றே: நீளம் 18 மீட்டர், வெற்று எடை 34 டன், எரிபொருள் 26 டன், ஆட்கள் 4 பேர், ஒரு ரோந்து 30 நாள், உயரம் 500 கி.மீ. கலம் ஆர்னிஸ்டன் அருகிலுள்ள ஓவர்பெர்க் ஏவுதளத்திலிருந்து வெறும் தொட்டியோடு கிளம்பி, மேலே போய் எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. அந்த இடம் தென் அட்சம் 34.6 பாகையில் இருப்பதால், நிலநடுக்கோட்டோடு பாதை செய்யும் கோணமான சாய்வும் கிட்டத்தட்ட 35 பாகை. அதைவிடக் குறைந்த சாய்வில் நேரடியாக ஏற முடியாது.

எரிபொருள்

இதில் நீண்ட வாதம் தேவையில்லை. மீத்தேனும் திரவ ஆக்சிஜனும் போட்டால் மொத்த வேகமாற்றம், அதாவது முழுத் தொட்டியையும் எரித்துக் கலம் தன் வேகத்தை மாற்றக்கூடிய அளவு, விநாடிக்கு சுமார் 2,030 மீட்டர் கிடைக்கும். ஹைட்ரசீன் வகையும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் போட்டால் 1,780. கணக்கில் மீத்தேன் ஜெயிக்கிறது. ஆனால் திரவ ஆக்சிஜன் 90 கெல்வினிலேயே, அதாவது மைனஸ் 183 டிகிரியில், கொதிக்கும். 30 நாளும் அதை ஆவியாகாமல் காக்கக் குளிரூட்டி, வெயில்மறைப்பு, அதற்கு மின்சாரம் என்று ஒன்றன் பின் ஒன்றாகச் சேரும். ரோந்துக் கலம் நாள் கணக்கில் சும்மா மிதந்துவிட்டு, சட்டென்று ஒரு நிமிடத்தில் கிளம்ப வேண்டியது. அதற்குத் தொட்டவுடன் பற்றிக்கொள்ளும் ஹைட்ரசீன் ஜோடிதான் சரி. டெட்ராக்சைடு மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் குழாய்களுக்கு ஹீட்டர் வைக்க மறக்கக் கூடாது. அதன் புகையும் கொடியது: 1975-ல் அப்பல்லோ–சோயூஸ் பயணம் முடிந்து இறங்கும்போது மூன்று அமெரிக்க வீரர்கள் அதைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எனவே வெளியே போய்வந்த விண்வெளி உடையை, வாசலில் உள்ள காற்றுப்பூட்டறையில் காய வைக்காமல் உள்ளே கொண்டுவரக் கூடாது.

இந்த 1,780 மீட்டரில் எவ்வளவு சுற்றலாம்? 500 கி.மீ. உயரத்தில் பாதைத் தளத்தை, அதாவது சுற்றுப்பாதை கிடக்கும் தட்டையான பரப்பை, ஒரே ஒரு பாகை திருப்ப விநாடிக்கு 133 மீட்டர் செலவாகும். முழுத் தொட்டியையும் காலி செய்தால் 13 பாகை. எதிரி எங்கே போனாலும் துரத்திப் பிடிப்பது போல எழுதுபவர்கள் இந்த ஓர் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். தன் பாதைத் தளத்தை ஒட்டி வருபவர்களைத்தான் இந்தக் கலம் கவனிக்க முடியும்.

சுறா: 23 மி.மீ. பீரங்கி

இதற்கு உண்மையான முன்னோடி உண்டு. சோவியத் யூனியன் 1974-ல் ஏவிய சல்யூட்-3 நிலையத்தில் 23 மி.மீ. பீரங்கி இருந்தது. குறிபார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டும். 1975 ஜனவரியில், ஆட்கள் இல்லாத நேரத்தில், அதைச் சுட்டும் பார்த்தார்கள்.

200 கிராம் குண்டு, விநாடிக்கு 690 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டின் உதை 138 நியூட்டன்-விநாடி. 60 டன் கலத்தை அது விநாடிக்கு 2.3 மில்லிமீட்டர்தான் தள்ளும். 600 குண்டையும் தீர்த்தாலும் விநாடிக்கு ஒன்றரை மீட்டரைத் தொடாது. பின்னுதைப்பு கலத்தைத் தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் வீண்.

தொல்லை சுழற்சியில் இருக்கிறது. பீரங்கியின் அச்சு, கலத்தின் எடைமையத்தை விட்டு 2 மீட்டர் விலகினால், 100 குண்டுத் தொடர் கலத்தை விநாடிக்கு ஒரு பாகை வீதம் சுழற்றிவிடும். முதல் 15 குண்டு முடிவதற்குள்ளேயே 2 கி.மீ. தூரத்தில் குறி இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். எரிபொருள் தீரத் தீர எடைமையமும் நீளவாக்கில் நகர்ந்துகொண்டே இருப்பதால், பக்கவாட்டுச் சுழல்மேடையில் வைத்த பீரங்கிக்கு விலகல் நாளுக்கு நாள் மாறும். ஆகவே மூக்கிலிருந்து வால்வரை ஓடும் நடு அச்சிலேயே அசையாமல் பதிக்க வேண்டும். எடைமையம் எங்கே நகர்ந்தாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். குறிபார்க்கக் கலத்தையே திருப்ப வேண்டும் என்பது இதற்கு நாம் கொடுக்கும் விலை.

அடுத்தது குழல். வெயில்பட்ட பக்கமும் நிழல் பக்கமும் 5 டிகிரி மட்டும் வேறுபட்டால்கூட, ஒன்றரை மீட்டர் நீளமும் 40 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுக் குழல் நுனியில் 0.13 பாகை வளைந்துவிடும். 2 கி.மீ. தூரத்தில் அது நாலரை மீட்டர் பிசகு. டாங்கிகளில் போடுவது போலக் குழலுக்கு வெப்ப உறை கட்டாயம். எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிப் போய்விடும் என்பதால் மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர்பூச்சுதான். காலித் தோட்டா உறைகளையும் பட்டைக் கண்ணிகளையும் ஒன்று விடாமல் பெட்டிக்குள் பிடித்தாக வேண்டும். வெளியே தள்ளினால் அவை கலத்தோடு கூடவே சுற்றும்.

சுட்ட குண்டு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். பயணத் திசைக்கு எதிராகப் பின்னோக்கிச் சுட்டால் அரைச் சுற்றுக்குள் காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்துபோகும். முன்னோக்கிச் சுட்டால் 3,700 கி.மீ. வரை ஏறி, சுமார் 130 நிமிடத்துக்கு ஒருமுறை 500 கி.மீ.க்கே திரும்பி வந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் சுட்டால் 5 பாகை விலகிய ஒரு பாதையில் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் நம் பாதைத் தளத்தை இரண்டு முறை வெட்டும். நேர்பின் திசையிலிருந்து எந்தப் பக்கமும் 60 பாகைக்குள் இருந்தால் ஆபத்தில்லை. அந்தக் கூம்புக்கு வெளியே சுடும் விசை இழுபடாதபடி ஒரு பூட்டு வேண்டும், தளபதி நினைத்தாலும் திறக்க முடியாத பூட்டாக. விளையாட்டு விதிகளில் இதைச் சேர்த்தால் பீரங்கிக் கலம் எதிரிக்கு முன்னால் போய் நிற்க வேண்டிய கட்டாயம் வரும். அதிலேயே நல்ல தந்திரங்கள் பிறக்கும்.

கைக்கெட்டும் தூரம் 2 கி.மீ. குண்டு போய்ச்சேர 3 விநாடி ஆகும். அதற்குள் மெதுவாக விலகும் இலக்குகூட 4 மீட்டர் நகர்ந்துவிடும். 10 கி.மீ. என்றால் 100 மீட்டர். மொத்த எடை 750 கிலோ.

குளவி: 8 ஏவுகணைகள்

ஏவுகணை ஒன்றின் எடை 120 கிலோ, ஏவும் அறைகளோடு சேர்த்து மொத்தம் 1,200 கிலோ. அழுத்த வாயு அதை விநாடிக்கு 10 மீட்டரில் வெளியே தள்ளும். 200 மீட்டர் விலகிய பிறகே எஞ்சின் பற்றும். அறைக்குள்ளேயே பற்றவைத்தால் நம் சூரியத் தகடுகளில் புகை படியும்.

இதில் வெடிமருந்து தேவையே இல்லை. விநாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் மோதும் எந்தப் பொருளும், தன் எடைக்குச் சமமான டி.என்.டி. வெடிமருந்தைவிடச் சற்று அதிக ஆற்றலோடு வருகிறது. கொல்லும் திறனில் மூன்றிலும் இதுவே முதல். ரோந்துக்கு ஆகாது என்று நாங்கள் சொல்வதும் அதே காரணத்தால்தான். 2007-ல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை 865 கி.மீ. உயரத்தில் உடைத்தபோது, கண்காணிக்கத் தக்க துண்டுகள் மட்டும் 3,000-க்கு மேல் எழுந்தன. அந்த உயரத்தில் பல பத்தாண்டு சுற்றும். 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ்-1408 செயற்கைக்கோளை உடைத்தபோது 1,500-க்கு மேல். அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பும் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. அந்த நிலையத்தின் கவசமே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துண்டு வரைதான் தாங்கும். நம் 18 மீட்டர் கலம் எம்மாத்திரம்?

பராமரிப்பும் எளிதல்ல. ஒரு சுற்று 94 நிமிடம். 30 நாளில் வெயிலும் நிழலும் 450 முறைக்கு மேல் மாறி மாறி வரும். அறையை 20 டிகிரியை ஒட்டியே வைக்காவிட்டால் திட எரிபொருளில் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்த எரிபொருள் ஒரே நேரத்தில் அதிகப் பரப்பில் எரிந்து, குழாயைப் பிளந்துவிடும்.

குளவியிடம் நாங்கள் விரும்பி எடுத்துக்கொள்வது ஒன்று. எட்டில் இரண்டின் தலையை மாற்றி, மோதாமல் பக்கத்தில் போய்ப் பற்றிக்கொள்ளும் கொக்கியைப் பொருத்தலாம். 70 கிலோ எரிபொருள் இருந்தால் ஒன்றரை டன் வரையுள்ள ஆளில்லாக் கலத்தை 500 கி.மீ.யிலிருந்து கீழே இறக்கி எரித்துவிட முடியும். சுற்றுப்பாதையில் ஒரு துண்டும் மிஞ்சாது.

வல்லூறு: 100 கிலோவாட் லேசர்

ஃபைபர் லேசர், அரை மீட்டர் கண்ணாடி. ஒளி எவ்வளவு சரியாகக் குவிந்தாலும் தூரம் போகப் போக விரியும். 20 கி.மீ.யில் புள்ளியின் அகலம் 10 செ.மீ.; ஒரு சதுர செ.மீ.க்கு 1.2 கிலோவாட் விழும், 2 மி.மீ. அலுமினியத் தகடு சில விநாடிகளில் ஓட்டையாகும். 100 கி.மீ.யில் புள்ளி அரை மீட்டர் அகலமாகிவிடும், தகட்டை உருக்காது. ஆனால் வெயிலைப் போல 340 மடங்கு ஒளி அது. சூரியத் தகடு கருகும், கேமரா குருடாகும். ரோந்துக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான்.

உருவாகும் வெப்பத்தை எங்கே கொட்டுவது? லேசரின் திறன் 35 சதவீதம் என்றால், 100 கிலோவாட் ஒளிக்கு 286 கிலோவாட் மின்சாரம் வேண்டும். 186 கிலோவாட் வெப்பமாகக் கலத்துக்குள்ளேயே நிற்கும். அதை ரேடியேட்டரால் மட்டும் வெளியேற்ற 170 சதுர மீட்டருக்கு மேல் தகடு தேவை. அவ்வளவு பெரிய சிறகை விரித்தால் அதுவே எதிரிக்கு இலக்கு. எனவே தண்ணீரை வெற்றிடத்தில் ஆவியாக்கி வெப்பத்தைத் தள்ளுகிறோம். மொத்தம் 300 விநாடி சுடுவதற்கு 23 கிலோ தண்ணீர் போதும். கசிவுக்கும் சேர்த்து 40 கிலோ வைப்போம்.

அந்த நீராவிதான் வல்லூறின் பெரிய எதிரி. கண்ணாடியின் பூச்சு நல்ல நிலையில் 99.99 சதவீதம் பிரதிபலிக்கும். உறிஞ்சுவது 10 வாட். பூம்பனி லேசாகப் படிந்து ஒரு சதவீதம் உறிஞ்சத் தொடங்கினாலே ஆயிரம் வாட் ஏறும். கண்ணாடி வளையும், புள்ளி கலையும், சுட்டும் பயனில்லை. ஆவித் துளைகளை வாலில், எதிரெதிர்ப் பக்கமாக இரண்டு வைக்க வேண்டும். ஒரே பக்கம் வைத்தால் அந்த ஆவியே கலத்தைச் சுழற்றும். கண்ணாடி மூக்குப் பக்கம், மூடியோடு இருக்கட்டும். எஞ்சினோ திசைமாற்றி உந்துகளோ இயங்கும்போது மூடி திறக்கவே கூடாது.

பேட்டரி 48 கிலோவாட்-மணி, 320 கிலோ. 300 விநாடிக்குப் பாதியே செலவாகும். ஆனால் சிறிய பேட்டரியிலிருந்து இவ்வளவு வேகமாக மின்சாரத்தை உறிஞ்சினால் அது சூடேறிக் கெட்டுப்போகும். இரு மடங்கு வைப்பது அதற்காக. செலவான பாதியைத் திரும்ப நிரப்ப, 12 கிலோவாட் சூரியத் தகட்டில் அன்றாடத் தேவை போக, 6 சுற்று ஆகும்: ஒன்பதரை மணி நேரம். ஒரு மோதலை முடித்த வல்லூறு அன்று இன்னொன்றுக்குத் தயாராக இருக்காது.

சுடுபவருக்கும் ஒரு விதி: எரிபொருள் தொட்டியைக் குறிவைக்கக் கூடாது. தொட்டி சூடேறி வெடித்தால் ஏவுகணை அடித்த அதே குப்பைதான் கிளம்பும். சூரியத் தகட்டின் மூட்டு, ஆன்டெனா, எஞ்சின் முனை ஆகியவையே சரியான இடங்கள். எதிரி தன் கலத்தை உருட்டிக்கொண்டே வந்தால் வெப்பம் ஓரிடத்தில் தங்காது. அப்போது 20 கி.மீ.க்கு உள்ளே நெருங்கியே ஆக வேண்டும்.

தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதி

நம் பக்கத்துக் கலத்துக்கே உரிய சிக்கல் இது. பூமியின் காந்தப்புலம் தென் அட்லாண்டிக் மேல் பலவீனமாக இருப்பதால், கதிர்வீச்சுப் பட்டை அங்கே தாழ இறங்குகிறது. ஹபிள் தொலைநோக்கியே அந்தப் பகுதியைக் கடக்கும்போது அவதானிப்பை நிறுத்திவைக்கும். ஹெர்மானஸில் உள்ள விண்வெளி வானிலை மையத்தை உங்கள் கதையில் கட்டாயம் சேருங்கள். ரோந்துத் தளபதி தினமும் முதலில் கேட்கும் குரல் அங்கிருந்து வருவதாகத்தான் இருக்க வேண்டும். 35 பாகைச் சாய்வில் கிழக்கு நோக்கிப் போகும் கலம், நாளில் பல முறை இந்தப் பகுதியைக் கடந்துதான் ஹார்ட்டிபீஸ்ஹூக் தரைநிலையத்தின் பார்வைக்குள் வரும். புத்தியுள்ள எதிரி அந்த நிமிடங்களுக்காகவே காத்திருப்பான்.

இதில் சுறா தப்பிக்கும்; பீரங்கிக்கு மின்னணு குறைவு. குளவியின் அகச்சிவப்புக் கண்ணில் போலிப் புள்ளிகள் தோன்றும். வல்லூறுக்குத்தான் அதிக அடி: குறிபார்க்கும் கேமராவும் கட்டுப்பாட்டுக் கணினியும் ஒருசேரத் தடுமாறும். ஒரே கணக்கை மூன்று கணினிகள் போட்டு, பெரும்பான்மை முடிவை எடுக்கும் அமைப்பு வேண்டும்.

எங்கள் தேர்வு

எடையை வைத்து முடிவெடுக்க முடியாது. சுறாவுக்கும் வல்லூறுக்கும் இடையே 550 கிலோ வேறுபாடு. அது வேகமாற்றத்தில் விநாடிக்கு 20 மீட்டரைத்தான் தின்னும். குப்பை, வெப்பம், கதிர்வீச்சு இந்த மூன்றையும் வைத்தே பார்க்க வேண்டும்.

500 கி.மீ. ரோந்துக்கு வல்லூறு, கூடவே குளவியின் நான்கு அறைகள், இரண்டில் கொக்கித் தலை, இரண்டில் மோதும் தலை. மோதும் தலையை ஏவத் தரைநிலைய அனுமதி இல்லாமல் சாவி திரும்பக் கூடாது. சுறா வேண்டும் என்பவர்கள் 400 கி.மீ.க்குக் கீழே, பூட்டோடு வைத்துக்கொள்ளலாம். அங்கே தப்பிய குண்டுத் துண்டுகளையும் காற்று விரைவில் இழுத்துக்கொள்ளும். 1,200 கி.மீ. ரோந்துக்குப் பீரங்கியும் வேண்டாம், மோதும் ஏவுகணையும் வேண்டாம். அந்த இரண்டு அறைகளைக் கழற்றிவிட்டு, 300 கிலோ இடத்தில் கூடுதல் தண்ணீரும் பேட்டரியும் ஏற்றுங்கள்.