ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்: கடிதம் கிடைக்கும், பத்திரம் கிடைக்காது

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக் காலத்துக் கிரயப் பத்திரங்களைப் புரட்டிப் பழகிய டர்பன்காரர்களுக்கு, 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க நிலப் பேரங்கள் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. ஏக்கர், பெர்ச் கணக்குதான் அங்கேயும். அவர்கள் ‘போல்’ என்று எழுதுவது 16½ அடி நீளம். ஒரு போல் சதுரம் நம் பத்திரத்து ஒரு பெர்ச். 160 சேர்ந்தால் ஒரு ஏக்கர். ‘இண்டென்ச்சர்’ என்ற சொல்லைக் கண்டதும் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் நினைவுக்கு வரும். அங்கே பெரும்பாலும் அது இருதரப்பு நிலப் பத்திரம். ஒரே தாளில் இரண்டு படி எழுதிப் பல்பல்லாக வெட்டிப் பிரித்த வழக்கத்தால் வந்த பெயர், இரண்டுக்கும் ஒன்றே.

அந்தப் பேரங்களைத் தேட ஒரு வழி, அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ இணையதளம். 2013இல் தொடங்கியது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஹாமில்டன், மேடிசன், ஜான் ஜே என அமெரிக்காவை நிறுவிய ஏழு பேரின் எழுத்துகள், அவர்களுக்கு வந்தவை என 1,80,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, பதிவு இல்லை. பெரும்பாலும் வெறும் எழுத்து என்பதால் போன் டேட்டாவையும் தின்னாது.

நிலம் தேடுபவர் முதலில் படிக்க வேண்டியது 1767 செப்டம்பரில் வாஷிங்டன் நில அளவையாளர் வில்லியம் கிராஃபோர்டுக்கு எழுதிய கடிதம். எழுதியவர், பெற்றவர் இரண்டையும் வடிகட்டியில் கொடுத்தால் வந்துவிடும். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்ற 1763ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரச ஆணை செவ்விந்தியரைச் சமாதானப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடுதான் என்கிறார். வேட்டைக்குப் போவதுபோல் காட்டிக்கொண்டு நல்ல நிலத்தைக் குறித்து வைக்கச் சொல்கிறார். 1,500, 2,000 ஏக்கரை மொத்தமாகப் பதிய விடாவிட்டால் பல பதிவாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றும் யோசனை. எந்தப் பத்திரத்திலும் இது இருக்காது. இந்தத் தளத்தின் அருமையே அதுதான்.

அடுத்து 1799 ஜூலையில் அவர் எழுதிய உயிலும் அதன் சொத்து அட்டவணையும். நிலம், ஏக்கர், மதிப்பு, கீழே குறிப்பு என்று கணக்குப்பிள்ளை போட்ட பேரேடு மாதிரி இருக்கிறது. மொத்தம் 5,30,000 டாலர். அவர் குடியிருந்த மவுண்ட் வெர்னன் பண்ணை அதில் சேரவில்லை. கனாவா ஆற்றோரத்து 23,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மட்டும் 2,00,000 டாலர்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்றைய எழுத்தில் ‘கனாவா’ என்று தேடினால் பாதிதான் வரும். வாஷிங்டன் அதன் ‘எச்’ எழுத்தை முன்னே தள்ளி ‘கன்ஹாவா’ போல எழுதுவார்; தளம் மூலத்தின் எழுத்தை அப்படியே வைத்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். 1752க்கு முந்தைய பிரிட்டிஷ் நாட்காட்டித் தேதிகளில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரித் தாளில் ஆண்டு 1748/49 என்பதுபோல் இரட்டையாக இருந்தால் பிழை என்று திருத்திவிட வேண்டாம். ‘எர்லி ஆக்சஸ்’ முத்திரை உள்ளவை முதற்படிகள், அடிக்குறிப்பு இருக்காது. எண்களை நம்பி எழுதும் முன், அச்சுத் தொகுதி வந்திருந்தால் அதோடு ஒப்பிடுவது நல்லது.

பெரிய குறை, மூலத்தாளின் படம் இல்லாதது. அந்தக் காலத்து எல்லை விவரம் ஒரு மரத்தில் தொடங்கி, இத்தனை பாகை, இத்தனை போல் என்று சுற்றி அதே மரத்துக்கு வர வேண்டும். படி எடுப்பவர் ஒரு வரியை விட்டால் கோடு மூடாது. காந்த ஊசியின் திசையும் ஆண்டுக்கு ஆண்டு நகரும், அதனால் பழைய பாகையை இன்றைய வரைபடத்தில் அப்படியே போட்டால் எல்லை பக்கத்து நிலத்தில் போய் நிற்கும். இதையெல்லாம் சரிபார்க்க வரைபடம் வேண்டும். அதற்கு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் வாஷிங்டன் தாள்களுக்குத்தான் போக வேண்டும், அங்கே படமாகவே இருக்கின்றன.

வணிகர்களைத் தேடுவோருக்கு ஏமாற்றம்தான். உதாரணத்துக்கு பிலடெல்பியா வணிகர் ராபர்ட் மோரிஸ். 1795இல் நிக்கல்சன், கிரீன்லீஃப் இருவரோடு சேர்ந்து சுமார் 60 லட்சம் ஏக்கரை வைத்து நிலக் கம்பெனி தொடங்கி, 1798 முதல் 1801 வரை அதே ஊரில், கடனைக் கட்டாதவர்களை அடைக்கும் சிறையில் கிடந்தவர். இந்த ஏழு பேரில் ஒருவருக்கு அவர் எழுதியிருந்தாலோ, அவர்கள் அவருக்கு எழுதியிருந்தாலோதான் இங்கே தலைகாட்டுவார். தாய்ப்பத்திரமும் வில்லங்கமும் வேண்டுமென்றால், நிலம் இருந்த கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பதிவேட்டைத்தான் நாட வேண்டும்.