கிரியாட்டினின் 1.6, எடை 45 கிலோ: தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது நாள்

சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலுமாகத் துவண்டுபோன என் தாயாரைப் பாலக்கோட்டிலிருந்து தருமபுரி நகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, ஒன்பது நாளும் உடனிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அவருக்கு வயது 72, எடை 45 கிலோ. நெடுங்காலச் சர்க்கரை நோயாளி. அறை துப்புரவாக இருந்தது, இரவு இரண்டு மணிக்கும் ஆய்வகம் திறந்திருந்தது, செவிலியர்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை மருந்தின் அளவில் இருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின், சேர்த்த அன்று இரத்தத்தில் 1.6 இருந்தது. “கொஞ்சம்தான் கூட, கவலைப்படாதீங்க” என்றார் பணியிலிருந்த இளம் மருத்துவர். செஃபிபிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, வேளைக்கு 1 கிராம் வீதம், காலையும் இரவும் ஏற்றப்பட்டது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

நான்காம் நாள் மாலை அம்மா என்னைத் தம் தம்பியின் பெயரால் அழைத்தார். இரவில் எதைக் கேட்டாலும் “ஆமா, ஆமா” என்ற ஒரே சொல்தான் வந்தது. கைகள் விட்டுவிட்டுத் துள்ளின. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பக்கவாதமோ என்று அஞ்சித் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. சர்க்கரையும் சோடியமும் சரியாகவே இருந்தன. வயதானவர்களுக்கு மருத்துவமனையில் இப்படிப் புத்தி தடுமாறுவது உண்டு என்று விளக்கம் தந்துவிட்டு, மறுநாள் காலை அதே ஊசியை அதே அளவில் மீண்டும் போட்டார்கள்.

அன்று பிற்பகல் வந்த, வாரம் இருமுறை சேலத்திலிருந்து வருபவரான சிறுநீரக மருத்துவர், கோப்பைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது “அம்மா எடை எவ்வளவு?” என்பதுதான். ஐந்து நாளில் அதுவரை எவரும் அதைக் கேட்கவில்லை. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினார். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 மில்லி என்று வந்தது. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை வற்றிய முதியவரிடம் அது குறைவாகவே உருவாவதால், சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகியிருந்தாலும் தாளில் ‘கொஞ்சம்தான் கூட’ என்றே தெரியும். 23 என்ற நிலையில், முதல் ஊசிக்குப் பிறகு நாளொன்றுக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் போதும். அம்மாவுக்குப் போனது அதைப் போல நான்கு மடங்கு.

செஃபிபிமில் ஏறத்தாழ 85 விழுக்காடு மாறாமல் சிறுநீர் வழியே வெளியேற வேண்டியது. நல்ல சிறுநீரகம் உள்ளவரிடம் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்து, டயாலிசிஸ் நோயாளிகளிடம் பாதியாகப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். தேங்கிய மருந்து மூளைக்குள் புகுந்து, நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. குழப்பமும் பேச்சுத் தடுமாற்றமும் கைத் துள்ளலும் அதனால்தான். உடல் வெட்டி இழுக்காமலே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் இது நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 ஜூனிலேயே எச்சரித்திருக்கிறது. ஆகவே இது யாரும் அறியாத புதுமை அன்று.

வெளியே தெரியாத அந்த வலிப்பை, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தால்தான் காண முடியும். அந்த வசதி இங்கே இல்லாததால், இன்னொரு நிலையத்துக்கு ஆம்புலன்சில் கொண்டுபோக நேர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு வைத்திருப்பதாகப் பலகை மாட்டியிருக்கும் இடத்தில் இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். நல்லவேளையாக அதில் வலிப்பு இல்லை, மருந்து நச்சேறியதற்குப் பொருந்தும் அலைகள் மட்டுமே இருந்தன. டயாலிசிஸ் செய்தால் மருந்து விரைவாக வெளியேறும் என்றும், உடனடித் தேவை இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். ஊசியை நிறுத்தி, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் கல்ச்சர் சோதனையின் முடிவைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். ஊசியை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் அம்மா என்னை என் பெயராலேயே அழைத்து, புளி உடைக்க ஆள் வந்தார்களா என்று கேட்டார்.

செவிலியருக்கும் அந்தச் சிறுநீரக மருத்துவருக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். மருத்துவமனைக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. சி.டி. ஸ்கேனுக்கும் ஆம்புலன்சுக்கும் முழுத் தொகையை வசூலித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தற்காலிக மனக்குழப்பம், சரியாகிவிட்டது’ என்று மட்டும் இருந்தது. மருந்தின் பெயரே இல்லை. ஒரு மணி நேரம் நின்று வாதாடிய பிறகு, செஃபிபிம் பெயரையும் நிமிடத்துக்கு 23 என்ற கணக்கையும் மருத்துவர் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அதன் நகல் இப்போது அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.